பாதரசமும் மனிதத் தோலும்: தட்டில் வளரும் செல்கள் சொல்வதும் சொல்லாததும்

மனிதத் தோலில் ஒரு வேதிப்பொருள் பட்டால் என்ன ஆகும் என்பதை மனிதரிடம் சோதித்தால்தான் சரியான விடை கிடைக்கும். ஆனால் மனிதரிடம் சோதிக்கக் கூடாது. நச்சியல் இந்த இக்கட்டிலிருந்து தப்பக் கண்ட வழிதான் மனிதச் செல் மாதிரி. அறுவை சிகிச்சையின்போது வெட்டி ஒதுக்கிய தோல் துண்டிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்து, ஊட்டக் கரைசலில் வளர்த்து, சந்தேகத்துக்குரிய பொருளை அவற்றின்மேல் விட்டுப் பார்ப்பது இந்த முறை. செல் சாகிறதா, பிழைத்து உபாதைப்படுகிறதா, தன்னைக் காத்துக்கொள்ள எந்த ஜீனை முடுக்குகிறது, அக்கம்பக்கத்துச் செல்களுக்கு என்ன சேதி அனுப்புகிறது என்பதையெல்லாம் இப்படி அளக்க முடியும். முகப்பூச்சு, சாயம், சோப்பு, பூச்சிமருந்து, உலோகம் என்று தோலில் படும் பலவற்றையும் இன்று முதலில் இந்தச் செல்களிடம்தான் கேட்கிறார்கள்.

இந்த முறை எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் கைவிடும் என்று பார்க்கத் தமிழ்நாட்டில் கொடைக்கானலைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. பழனி மலையில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பார் சோலையை ஒட்டி ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் இயங்கிய ஆலையைக் கழற்றி இங்கே கொண்டுவந்து நிறுவியது செஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனம். வாஸலினும் பாண்ட்ஸ் கோல்டு கிரீமும் அதே வீட்டுச் சரக்குதான் என்பது ஒரு வேடிக்கை. 1980களின் நடுப்பகுதியில் உற்பத்தி தொடங்கியது. பின்னர் யூனிலீவர் அந்த நிறுவனத்தை வாங்கியது. 1998இல் ஆலை இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் பழைய சாமான் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு கிடப்பதை பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சிலும் கிரீன்பீஸும் வெளிக்கொண்டு வந்தன. அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசம் கலந்த கழிவு சுமார் 290 டன் கப்பலேறி, சுத்திகரிப்புக்காக அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனது. ஹைதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் மலையின் ஏரிகளை ஒப்பிட்டபோது, பேரிஜம், குக்கல் ஏரிகளைவிடக் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் கூடுதலாக இருந்தது.

ஆலைக்குள் வேலை செய்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் இன்றுவரை தீராத கேள்வி. ஆலை மூடிய ஆண்டிலேயே பெங்களூருவின் கம்யூனிட்டி ஹெல்த் செல் அமைப்பைச் சேர்ந்த மருத்துவர்கள் சிலரை ஆரம்பநிலையில் பரிசோதித்து, ஈறுக் கோளாறும் தோல் ஒவ்வாமையும் பலருக்கு இருப்பதாகச் சொன்னார்கள். தொழிலாளர்களின் உடல்நலத்துக்குப் பாதிப்பு இல்லை என்பது நிறுவனத்தின் நிலை. பாதரசம் தோலை என்ன செய்யும் என்று தெரியாமல் இந்த வாதத்தின் எந்தப் பக்கத்தையும் எடைபோட முடியாது.

வீரம், பூரம், லிங்கம்

பாதரசம் என்பது ஒரே நஞ்சு அல்ல. இதைச் சித்த மருத்துவம் பெயரிலேயே பிரித்து வைத்திருக்கிறது. வீரம் என்பது மெர்குரிக் குளோரைடு; நீரில் நன்றாகக் கரையும், தொட்ட இடத்தை அரிக்கும். பூரம் என்பது மெர்குரஸ் குளோரைடு. ஆங்கில மருத்துவம் கலோமெல் என்று வழங்கியதும் இதுவே. நீரில் மிகச் சொற்பமாகத்தான் கரையும். லிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்புக் கல். ஏறக்குறையக் கரையவே கரையாது. இதே மலைத்தொடரின் அடிவாரத்தில் பழனி முருகன் சிலையைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. நஞ்சுகளைப் பெயரிட்டு, வகைபிரித்து, சுத்தி செய்து கையாண்ட ஒரு மரபு இந்த மலையடிவாரத்தில் இருந்ததற்கு அந்த நம்பிக்கையே சாட்சி. எந்த உருவில், எவ்வளவு, எத்தனை நாள் என்ற மூன்றுமே இன்றைய நச்சியலுக்கும் அடிப்படைக் கேள்விகள்.

தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் வீரம், பூரம், லிங்கம் என்ற மூன்றிலும் சேராதது. அது உலோகப் பாதரசம். தவறி விழுங்கினால் குடலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட உறிஞ்சப்படாமல் வெளியே போய்விடும். அதையே ஆவியாக மூச்சில் இழுத்தால் சுமார் 80 சதவீதம் உடலிலேயே தங்கும். மூடிய அறையில் 20 டிகிரி வெப்பத்தில் திறந்து கிடக்கும் பாதரசம், விட்டால் ஒரு கன மீட்டர் காற்றில் 13 மில்லிகிராம் வரை நிறையும். அமெரிக்கத் தொழில் நலவியலாளர்கள் வேலையிடக் காற்றுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு 0.025 மில்லிகிராம், அதாவது ஐந்நூறு மடங்கு குறைவு. குளிர்ந்த ஊரில் ஆவி குறைவாகவே எழும் என்பது உண்மைதான். ஆனால் குழாயில் நிரப்புவது, சூடேற்றுவது, உடைந்ததை நொறுக்குவது என்று தெர்மாமீட்டர் வேலையில் பாதரசம் கொட்டவும் சூடாகவும் வாய்ப்பு அதிகம். அறைக்கு வெளியே அடிக்கும் குளிர் அதைத் தடுக்காது.

தோல் வழியே எவ்வளவு போகும்? 1989இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் தன்னார்வலர்களின் முன்கையை மட்டும் கதிரியக்க அடையாளமிட்ட பாதரச ஆவியில் வைத்துக் கணக்கிட்டார்கள். உடல் முழுத் தோலும் உறிஞ்சுவது நுரையீரல் உறிஞ்சுவதில் 2 முதல் 3 சதவீதம்தான். தோலுக்குள் போனதிலும் ஏறத்தாழப் பாதி, சில வாரங்களில் உதிரும் தோல் செல்களோடு சேர்ந்து வெளியே விழுந்துவிட்டது. மீதி மெல்ல மெல்ல ரத்தத்தில் இறங்கியது. தோல் ஒரு சுவரும்கூட, ஒரு கிடங்கும்கூட என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சோதனை அரிது.

நான்கு வாரத்தில் ஒரு புதுத் தோல்

மேல்தோலின் அடியில் ஒற்றை வரிசையாக நிற்கும் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. பிரிந்த செல் மேலே நகரும், நகர நகரக் கெரட்டின் என்ற புரதத்தால் தன்னை நிரப்பிக்கொள்ளும், தட்டையாகும், கடைசியில் உட்கருவை இழந்து செத்துப்போய்த் தகடாக மேலே ஒட்டிக் கிடக்கும். பிறகு உதிரும். இந்தப் பயணத்துக்குச் சுமார் நான்கு வாரம். இந்தச் செல்லின் பெயர் கெரட்டினோசைட். செத்த தகடுகளும் அவற்றுக்கிடையே பூசிய கொழுப்பும் சேர்ந்த படலத்தின் தடிமன் பெரும்பாலான இடங்களில் மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். நீர் வெளியேறாமலும் நஞ்சு உள்ளே நுழையாமலும் காப்பது அதுதான். கொடைக்கானல் கடைகளில் வாங்கும் யூகலிப்டஸ் தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல், அந்தக் கொழுப்புப் பூச்சைத் தளர்த்தும் இயல்புடையது. அதனால்தான் மருந்தைத் தோல் வழியே செலுத்தும் ஆராய்ச்சிகளில் அதைத் துணைப்பொருளாகச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அடி வரிசையில் ஆங்காங்கே நிறம் தரும் மெலனோசைட்டுகள் உண்டு. ஒரு மெலனோசைட் தன் கிளைகளை நீட்டிச் சுமார் 36 கெரட்டினோசைட்டுகளுக்கு மெலனினைப் பகிர்ந்து கொடுக்கிறது. இவற்றோடு நோய் எதிர்ப்புக் காவலாளிகளும் அங்கே உலவுகின்றன.

இந்தச் செல்களை உடலுக்கு வெளியே வளர்ப்பது நெடுங்காலம் கைகூடவில்லை. 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் முடிவில்லாமல் பெருகின. அதை எடுக்க அவரிடம் அனுமதி கேட்கவில்லை என்ற களங்கம் செல் வளர்ப்பு வரலாற்றின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் சாதாரணத் தோல் செல்லோ ஓரிரு தலைமுறையில் ஓய்ந்துவிடும். 1975இல் ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் இருவரும் ஒரு தந்திரம் கண்டார்கள். கதிர்வீச்சால் மேலும் பிரியாதபடி செய்த எலிச் செல்களைத் தட்டில் விரித்து, அந்த மெத்தையின்மேல் மனிதக் கெரட்டினோசைட்டுகளை விதைத்தார்கள். பல தலைமுறைகள் வளர்ந்தன. தபால்தலை அளவுத் தோலிலிருந்து பெரிய பரப்புக்குத் தோல் வளர்க்க முடிந்ததால், 1980களில் கடுமையான தீக்காயம் பட்டவர்களின் உயிரைக் காக்கவே இந்த முறை முதலில் பயன்பட்டது. நச்சியல் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

1988இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் பெட்ரா பூகாம்ப் குழுவினர் ஹாகேட் என்ற செல் வரிசையை அறிவித்தார்கள். ஒரு முதிர்ந்த ஆணின் தோலிலிருந்து எடுத்த செல்கள் தாமாகவே சாகாவரம் பெற்றவை, புற்றாகவும் மாறாதவை. இன்று உலகத்தில் தோல் நச்சியல் நடக்கும் ஆய்வகங்களில் மிகப் பரவலாகக் கிடைப்பது இதுதான். வசதி ஒருபுறம், விலை மறுபுறம்: இந்தச் செல்களில் பி53 என்ற காவல் ஜீன் பழுதுபட்டிருக்கிறது, இயல்பான செல்லைப் போல முழுமையான தடுப்புப் படலத்தையும் அவை கட்டுவதில்லை. ஹாகேட் சொன்னதை மனிதத் தோல் சொன்னதாக அப்படியே எடுத்துக்கொள்ளும் ஆய்வுக் கட்டுரைகளைச் சற்றுத் தள்ளி நின்றுதான் படிக்க வேண்டும்.

இதற்கு அடுத்த படி முப்பரிமாணத் தோல். கெரட்டினோசைட்டுகளை ஒரு மெல்லிய வடிகட்டிச் சவ்வின்மேல் விதைத்து, முதலில் கரைசலில் மூழ்க வைப்பார்கள். பிறகு மேற்புறக் கரைசலை அகற்றிவிட்டு, அடியில் மட்டும் கரைசலும் மேலே வெறும் காற்றும் படும்படி விடுவார்கள். கரைசலில் கால்சியத்தின் அளவும் கூட்டப்படும். காற்றும் கால்சியமும் சேர்ந்து, இனி தோலாக மாறு என்று செல்லுக்குக் கட்டளையிட்டது போல ஆகிவிடும். இரண்டு வாரத்துக்குள் அடி வரிசை, நடு அடுக்குகள், மேலே செத்த தகடுகள் என்று உண்மையான மேல்தோலின் அடுக்குகள் உருவாகிவிடுகின்றன. எபிடெர்ம், எபிஸ்கின், ஸ்கின்எதிக் என்ற பெயர்களில் இவை விற்பனைக்கே வருகின்றன. மெலனோசைட் சேர்த்து, நிறமுள்ள தோலாக வளர்த்த வகையும் உண்டு.

மஞ்சள் ஊதாவாகும் சோதனை

ஒரு பொருள் தோலை உறுத்துமா என்று பார்க்க 1944இலிருந்து டிரெய்ஸ் சோதனை நடந்து வந்தது. முயலின் ரோமத்தை மழித்து, பொருளைத் தடவி, சிவக்கிறதா வீங்குகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவது அந்த முறை. முயலின் தோல் பல பொருட்களை மனிதத் தோலைவிட எளிதாக உள்ளே விடும். பார்வையாளருக்குப் பார்வையாளர் மதிப்பெண்ணும் மாறும். 2010இல் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு வெளியிட்ட 439ஆம் எண் வழிகாட்டி, முயலுக்குப் பதிலாக முப்பரிமாண மனித மேல்தோலை ஏற்றுக்கொண்டது.

எபிடெர்ம் மாதிரியில் அந்தச் சோதனை நடக்கும் விதம் இது. தோல் துண்டின் பரப்பு ஒரு சட்டைப் பித்தான் அளவுகூட இருக்காது. சோதிக்கும் திரவத்தில் 30 மைக்ரோலிட்டர், ஒரு சிறு துளி, அதன்மேல் விழும். ஒரு மணி நேரம் கழித்து உப்புக் கரைசலால் பதினைந்து முறை கழுவுவார்கள். கழுவுகிற கை அவசரப்பட்டால் தோல் துண்டு சவ்விலிருந்து பெயர்ந்து வந்துவிடும். பிறகு 37 டிகிரி இன்குபேட்டருக்குள் 42 மணி நேரம் விட்டுவிடுவார்கள். தோல் சேதத்திலிருந்து தேறுகிறதா, இல்லை போகப் போக மோசமாகிறதா என்பது அந்த இடைவெளியில்தான் தெரியும். கடைசியில் எம்டிடி என்ற மஞ்சள் சாயக் கரைசலில் தோலை மூன்று மணி நேரம் வைப்பார்கள். உயிருள்ள செல்லின் நொதிகள் மஞ்சளை ஊதாப் படிகமாக மாற்றும். செத்த செல் மஞ்சளை மஞ்சளாகவே விட்டுவிடும். படிகத்தை ஆல்கஹாலில் கரைத்து, எவ்வளவு ஊதா என்று கருவி அளக்கும். உப்புக் கரைசல் மட்டும் பட்ட தோலோடு ஒப்பிட்டு உயிர்ப்பு 50 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் அந்தப் பொருள் உறுத்துவது என்று முடிவு. ஒவ்வொரு முறையும் சோதனை சரியாக நடந்ததா என்று பார்க்க, உறுத்தும் என்று தெரிந்த ஒரு பொருளையும் கூடவே வைப்பார்கள். பெரும்பாலும் அது சோடியம் லாரில் சல்பேட். ஷாம்பூவிலும் பற்பசையிலும் நுரை தருவதும் அதுதான்.

ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பது இதைவிடச் சிக்கல். உறுத்தல் பட்டவுடன் வரும், எல்லாருக்கும் வரும். ஒவ்வாமை முதல் தடவையில் தெரியாது; உடல் அந்தப் பொருளை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த தடவை சீறும். அதற்கு ஹாகேட் செல்லுக்குள் மின்மினிப் பூச்சியின் ஒளி ஜீனைப் பொருத்தியிருக்கிறார்கள். செல்லுக்குள் கீப்1 என்ற புரதம் ஒரு காவல்காரர் போல இருக்கிறது. அதன் சிஸ்டீன் என்னும் கந்தக முனைகளை ஒரு வேதிப்பொருள் பற்றினால், அது பிடித்து வைத்திருந்த இன்னொரு புரதம் விடுபட்டு, உட்கருவுக்குள் போய்த் தற்காப்பு ஜீன்களை எழுப்பும். அந்த வரிசையில் மின்மினி ஜீனும் இருப்பதால் செல் ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைக் கருவி பார்க்கும். ஒன்றரை மடங்கு கூடினால் ஐயம் உறுதிப்படும். 2015இல் இந்த முறையும் வழிகாட்டிகளில் ஏறியது.

பாதரசம் செல்லுக்குள் என்ன செய்கிறது

கீப்1 புரதத்தின் கந்தக முனைகளில்தான் பாதரசத்தின் கதை வந்து ஒட்டிக்கொள்கிறது. பாதரசத்துக்கும் கந்தகத்துக்கும் உள்ள பிணைப்பு அவ்வளவு வலுவானது. ரசமும் கந்தகமும் கூடி லிங்கமாவதும் அதே பிணைப்பால்தான். 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் கந்தக முனையுள்ள ஒரு வகைச் சேர்மத்துக்கு, பாதரசத்தைப் பிடிப்பது என்ற பொருளில் மெர்காப்டன் என்றே பெயரிட்டார்கள். செல்லுக்குள் நூற்றுக்கணக்கான நொதிகள் சிஸ்டீனின் கந்தக முனையை நம்பி வேலை செய்கின்றன. பாதரச அயனி அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். செல்லின் முதல் அரண் குளுட்டாதயோன். அதுவும் கந்தக முனை உள்ளதுதான். அது தன்னைக் கொடுத்துப் பாதரசத்தைக் கட்டும். அது தீர்ந்தால் மெட்டல்லோதயோனின் என்ற புரதத்தைச் செல் அவசரமாகத் தயாரிக்கும். இரண்டும் போதாதபோது ஆக்சிஜனின் முரட்டு வடிவங்கள் பெருகி, மைட்டோகாண்ட்ரியா பழுதாகி, எம்டிடி மஞ்சளாகவே நின்றுவிடும். தோல், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் மனிதச் செல் வரிசைகளில் தனித்தனியே பார்த்து உறுதிசெய்த சங்கிலி இது. சிறுநீரக நுண்குழல் செல்கள் பாதரச அயனியைத் தாமே உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்வதால் அங்கே சேதம் அதிகம் என்பதும் இந்த மாதிரிகளில் தெரிந்தது.

மெலனோசைட்டில் விளைவு வேறு விதம். மெலனினைத் தயாரிக்கும் டைரோசினேஸ் நொதியின் மையத்தில் தாமிரம் இருக்கிறது. பாதரசம் அந்த நொதியை முடக்குகிறது, மெலனின் குறைகிறது, தோல் வெளுக்கிறது. சிவப்பழகு கிரீம் என்று பெயர் தெரியாத கம்பெனிகள் விற்கும் டப்பாக்களில் பூரம் கலப்பதற்குக் காரணம் இதுதான். வெளுப்பது பிறகு வரும் நோயின் முன்னறிவிப்பு என்பது பூசுபவருக்குத் தெரியாது. 2023இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் மருத்துவர்கள் கண்ட சிறுநீரக நோயாளிகள் பலர் இத்தகைய கிரீம் பூசியவர்கள். அவர்களின் சிறுநீரக வடிகட்டிச் சவ்வில் நெல்-1 என்ற புரதம் படிந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளை உட்கொண்டவர்களிடமும் அதே படிவைச் சென்னைத் திசு ஆய்வாளர்கள் பதிவுசெய்திருந்தார்கள். ஆறுதலான செய்தி, பூசுவதை நிறுத்தியபின் பலருக்கு நோய் தணிந்தது.

தெர்மாமீட்டருக்கும் தோலுக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்று கேட்டால், உண்டு. 1983இல் ஜப்பானிய மருத்துவர்கள், வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தபின் உடலெங்கும் செந்தடிப்பு வந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். முன்பே, மெர்க்குரோகுரோம் போன்ற பாதரச மருந்தால் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தவர்களுக்கு, பின்னாளில் உடைந்த தெர்மாமீட்டரின் ஆவியை மூச்சில் இழுத்ததே போதுமானதாக இருந்தது. கையால் தொடக்கூடத் தேவைப்படவில்லை. பிட்டமும் தொடை இடுக்கும் குறிப்பாகச் சிவந்ததால் டென்மார்க் மருத்துவர்கள் அடுத்த ஆண்டு இதற்கு பபூன் குரங்கின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

தட்டு கைவிடும் இடம்

இந்த ஜப்பானிய நோயாளிகளுக்கு நேர்ந்தது எதையும் ஹாகேட் செல்கள் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. நுரையீரல் வழியே போன ஆவி, ரத்தச் சிவப்பணுக்களின் கேட்டலேஸ் நொதியால் அயனியாக மாறி, தோலில் காத்திருந்த நோய் எதிர்ப்புச் செல்களை எழுப்பிய கதை அது. தட்டில் நுரையீரலும் இல்லை, ரத்தமும் இல்லை, பழைய ஒவ்வாமையின் நினைவும் இல்லை. ஒவ்வாமைக்கான வழிகாட்டி முறைகள்கூடக் கரிம வேதிப்பொருட்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. புரதத் துண்டோடு வினைபுரிகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு உலோகச் சேர்மங்கள் பொருந்தாது என்று அந்த வழிகாட்டியே சொல்கிறது.

அளவுக் கணக்கிலும் பொறி இருக்கிறது. செல் வளர்க்கும் கரைசலில் பத்தில் ஒரு பங்கு கன்றுக்குட்டிச் சீரம் சேர்ப்பது வழக்கம். விலங்கைத் தவிர்க்க வந்த முறைக்குள் விலங்கு இப்படிப் பின்வாசலால் நுழைகிறது. அந்தச் சீரத்தின் ஆல்புமினிலும் கந்தக முனை உண்டு. குழிக்குள் விட்ட பாதரசத்தில் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொள்ளும். ஆய்வாளர் குறிப்பேட்டில் எழுதுவது விட்ட அளவு. செல் அனுபவிப்பது அதில் எஞ்சிய அளவு. ஒரே நஞ்சுக்கு இரண்டு ஆய்வகங்கள் வெவ்வேறு எண் சொல்வதற்குப் பாதிக் காரணம் இப்படிப்பட்டவைதான். லிங்கம் போலக் கரையாத பொருள் தட்டின் அடியில் பொடியாகக் கிடந்து, நஞ்சே இல்லை என்ற தோற்றம் தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, தட்டின் சோதனை ஒன்றிரண்டு நாள். தொழிலாளியின் வேலை ஆண்டுக்கணக்கில்.

இந்தக் குறைகளை நிரப்பும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. மனிதத் தோல் செல்லை மூலச் செல் நிலைக்குத் திருப்ப 2007இலிருந்து முடிகிறது; அதிலிருந்து நரம்பு, சிறுநீரகம், ஈரல் செல்களையும் வளர்க்கிறார்கள். ஜப்பானிய விஞ்ஞானி யமனாகாவுக்கு 2012இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த வழி இது. நுண் குழாய்களால் இணைத்த சில்லுகளில் பல உறுப்புகளின் செல்களை ஒன்றாக ஓட்டிப் பார்க்கிறார்கள். இந்தியாவில் 2014 மே மாதம் அழகுசாதனப் பொருட்களை விலங்குகளிடம் சோதிப்பது தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில், அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்வதும் நின்றது. 2023இல் புதிய மருந்துகளுக்கான விதிகளும் செல் முறைகளை ஏற்றுக்கொண்டன. புனேயின் தேசிய செல் அறிவியல் மையம் செல் வரிசைகளைச் சேமித்து நாடெங்கும் வழங்குகிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009இல் தொடங்கிய மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையம், விலங்குச் சோதனைக்கு மாற்று வழிகளுக்கென்றே அமைந்தது. யூனிலீவரும் இங்கிலாந்தின் கோல்வொர்த்தில் விலங்கில்லாப் பாதுகாப்பு ஆய்வுக்குப் பேர்போன ஒரு மையத்தை நடத்துகிறது. ஒரு கிரீம் கடைக்கு வருமுன் அதைச் செல்லிடம் கேட்கும் அறிவியல் இன்று எட்டியிருக்கும் உயரத்தையும், ஓர் ஆலையின் காற்றை அளந்து எழுதி வைக்கும் எளிய வேலை எங்கெங்கும் கிடக்கும் பள்ளத்தையும் ஒப்பிட்டால், பின்னதுதான் அவசரமானது என்று தோன்றும்.

கொடைக்கானல் வழக்கில் அதுவே முடிச்சாகவும் ஆனது. சென்னை உயர்நீதிமன்ற வழக்கை ஒட்டி அமைந்த நிபுணர் குழு 2007இல், தொழிலாளர்களின் அன்றைய உடல்நிலையைப் பழைய பாதரசத்தோடு இணைக்கப் போதிய சான்று இல்லை என்றது. 2011இல் மத்தியத் தொழிலாளர் துறை அமைத்த குழுவோ, பாதிப்புக்கு முகாந்திரம் இருக்கிறது என்றது. உடலில் சேர்ந்த பாதரசம் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆலை மூடி ஐந்தாண்டு கழித்துப் பரிசோதித்தால், பாதிக்குப் பாதியாக முப்பது முறை குறைந்தபின் மிஞ்சுவது நூறு கோடியில் ஒரு பங்கு. மூளையில் தங்கியது இந்தக் கணக்கில் அடங்காது. ஆனால் அதைச் சிறுநீர்ப் பரிசோதனை காட்டாது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லி உடன்பாடு செய்துகொண்டது. பாதரசம் தோலையும் சிறுநீரகத்தையும் எந்த வழியில், எந்தச் செறிவில் தாக்கும் என்பதை ஆய்வகச் செல்கள் இன்று நன்றாகவே சொல்லும். 1990களின் ஒரு நாளில் அந்த ஆலையின் காற்றில் எவ்வளவு பாதரசம் இருந்தது என்பதை எந்தச் செல்லும் சொல்லாது. அது எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

பாதரச நஞ்சேற்றம், அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் அந்தச் சட்டத்தில் 41-சி பிரிவு சேர்ந்தது. ஆபத்தான வேதிப்பொருளோடு வேலை செய்யும் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டையும் நிர்வாகம் பராமரிக்க வேண்டும், தொழிலாளி கேட்டால் காட்ட வேண்டும் என்றது அது.